தம்பி அனுப்பிய பதிவும் நர்சம்மாவின் ஊசியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2017 பிப்ரவரியில் 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டோமே, அது இன்னும் மனதை உறுத்துகிறது. எங்களுக்கு முன்னாலேயே வாட்ஸ்அப் ஊருக்குள் போய்விட்டது. நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை பண்ணுகிறார்கள், ஊசி ஆபத்து என்று யாரோ பேசிய குரல் பதிவு. நான் போன ஒரு பள்ளியில் அன்றைக்குப் பாதி பெஞ்சு காலி. என் கையால் போலியோ சொட்டு மருந்து குடித்த பிள்ளைகள்தான் அத்தனை பேரும். ஒரு தாய் சொன்னாள்: "உங்கள நம்புறேன் நர்சம்மா, ஆனா இத அனுப்புனது என் தம்பியாச்சே."

பேசியவன் யாரென்று அவளுக்குத் தெரியாது, அனுப்பியவனைத் தெரியும், அது போதும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தை காது கேளாமல், கண்புரையோடு, இதயக் கோளாறோடு பிறக்கலாம் என்பதை நாங்கள்தான் முதலில் அந்த போன்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். கடைசியில் முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள்.

அப்புறம் 2021. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பில் போய்விட்டார். ஊசிதான் காரணம் என்று எங்கள் குடும்ப குரூப்பிலேயே வயதில் மூத்த ஒருவர் போட்டார். பெரியவரை எல்லோர் முன்னாலும் மறுத்துப் பேசுவதா என்று, விவரம் தெரிந்த நானே பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு பேர் ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு ஆய்வு செய்து சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, அந்தச் செய்தியை எங்கள் குரூப்பில் யாருமே ஃபார்வர்டு செய்யவில்லை.

இப்போது 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடுவதாக 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது, அந்தந்த ஊர் நர்சம்மாவையே ஊர்ப்பேச்சில் இரண்டு நிமிடம் பேச வைத்து, முகாமுக்கு ஒரு மாதம் முன்பே பெற்றோர் குரூப்புகளில் போடுங்கள். கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால், மறுநாள் அந்தக் காய்ச்சலே அடுத்த வதந்தி ஆகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்