ஒரே ஆட்டம் என்பதால் அது குலுக்கல் ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான யூரோலீக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதிக் கட்டமாகிய ஃபைனல் ஃபோர் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்தப் போட்டிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், எட்டு மாதம் ஆடி முன்னேறிய நான்கு அணிகளின் விதியை ஒரே வார இறுதியில் ஒற்றை ஆட்டங்களால் முடிவு செய்வது குலுக்கல் சீட்டு எடுப்பதற்கு ஒப்பானது என்றும், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. போல ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடராக அதை மாற்ற வேண்டும் என்றும் கட்டுரையாளர் முன்வைத்திருக்கும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பல ஆண்டுகள் கிளப் அளவில் ஆடிவிட்டு, பிறகு இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தவன் என்ற முறையில் என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கட்டுரையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் அணிக்கு நேர்ந்ததைப் பார்த்தாலே அது புரியும். 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந்த அணி ஃபைனல் ஃபோருக்கு வந்தது. நான்கு முறையும் கோப்பையின்றித் திரும்பியது. 2022 அரையிறுதியில் எதிரணியின் வாசிலியே மிசிச் கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளி எறிதல் அதை வெளியேற்றியது. 2023இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்திருந்தும், கவுனாஸ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 79-78 என்ற கணக்கில் தோற்றது. 2025இலும் 34 ஆட்டங்கள் கொண்ட லீக் சுற்றில் முதலிடம் பெற்றிருந்தது. அபுதாபியில் நடந்த அரையிறுதியில் மொனாக்கோவிடம் 78-68 என்று வீழ்ந்தது. அந்த அணியின் ரசிகராக இருந்து பார்ப்பவருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

என்றாலும், இதே ஒலிம்பியாகோஸ் 2012இல் எப்படிக் கோப்பையை வென்றது என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடாமல் விட்டுவிட்டார். இஸ்தான்புல்லில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ, வெல்லப்போவது அதுதான் என்று ஏறக்குறைய எல்லோருமே நம்பியிருந்தார்கள். மூன்றாம் கால்பகுதியில் அது 19 புள்ளிகள் முன்னிலையும் பெற்றுவிட்டது. தொடர் ஆட்டமாக இருந்திருந்தால், அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியாளரும் முன்னணி வீரர்களை உட்கார வைத்து, அடுத்த ஆட்டத்துக்கு அவர்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நினைத்திருப்பார். அடுத்த ஆட்டம் என்ற ஒன்று இல்லாததால், பின்தங்கியிருந்த ஒலிம்பியாகோஸின் பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச் இளைஞர்களை நம்பி இறக்கினார். 21 வயதே ஆகியிருந்த பாபனிகோலாவ் போன்றவர்கள் தடுப்பாட்டத்தை இறுக்கி, வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தார்கள்.

பத்து வினாடிக்கும் குறைவான நேரம் மீதமிருந்தபோது மாஸ்கோ அணி 61-60 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணியின் தவறுக்காக, மறிப்பின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ வாய்ப்புக்காகக் கோட்டில் நின்றவர் மாஸ்கோவின் ராமூனாஸ் ஷிஷ்கௌஸ்கஸ். 2007இல் கிரேக்கத்தின் பனதினாய்கோஸுடனும் 2008இல் அதே மாஸ்கோ அணியுடனும் இந்தக் கோப்பையை வென்றிருந்த அனுபவசாலி. நான் பயிற்சியாளராக இருந்திருந்தாலும் அவர் கையில்தான் பந்தைக் கொடுத்திருப்பேன். இரண்டு எறிதல்களுமே வளையத்துக்குள் விழவில்லை. பந்தைக் கொண்டு களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரைந்த ஒலிம்பியாகோஸின் ஸ்பனூலிஸை நோக்கித் தடுப்பாளர்கள் திரண்டபோது, அவர் அதைச் சக வீரர் பிரின்டெசிஸுக்குத் தள்ளிவிட்டார். பிரின்டெசிஸ் ஒற்றைக் கையால் தூக்கிப் போட்ட பந்து வலைக்குள் இறங்கியபோது கடிகாரத்தில் மீதமிருந்தது 0.7 வினாடி. 62-61.

தவறிய அந்த இரண்டு எறிதல்களை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள், ஃப்ரீ த்ரோ கோட்டில் ஒருமுறையாவது நின்று பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வளையம் பொருத்திய பலகையிலிருந்து கோடு 4.6 மீட்டர் தொலைவில் இருக்கிறது, வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறிக்க ஆள் இல்லை. பந்து கைக்கு வந்ததிலிருந்து ஐந்து வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். கூடைப்பந்தில் இதைவிட எளிய வேலை கிடையாது. என்னிடம் பயின்ற பிள்ளைகளை, பயிற்சி முழுவதும் முடிந்து கால் தளர்ந்து நிற்கும் வேளையில்தான் நான் இதற்கு அனுப்புவேன். இரண்டு எறிதலும் விழுந்தால்தான் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, உள்ளங்கையை ஜெர்சியில் மீண்டும் மீண்டும் துடைத்துக்கொள்ளும் பையன், காலையில் பத்துக்கு ஒன்பது போட்டவனாகவே இருந்தாலும் அப்போது தவறவிடுவான். அந்த அழுத்தத்தைத் தாங்குவதும் ஒரு திறன்தான். தொடர் ஆட்டத்தில் அதன் கனம் குறைந்துவிடுகிறது; ஏனென்றால், இன்றைக்குத் தவறவிட்டதை நாளை மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

குலுக்கல் என்ற வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று பயிற்சியாளர் ஜெல்கோ ஒப்ரடோவிச் என்பது என் கருத்து. அவர் ஒன்பது முறை இந்தக் கோப்பையை வென்றவர். ஒன்பதும் ஃபைனல் ஃபோர் முறையில் வந்தவை. வேறு எந்தப் பயிற்சியாளரும் நான்கைத் தாண்டவில்லை. அதுவும் ஒரே அணியோடு அல்ல. பார்ட்டிசான், ஹோவென்டுட், ரியல் மாட்ரிட், பனதினாய்கோஸ், ஃபெனர்பாசே என ஐந்து கிளப்புகளோடு, 1992 முதல் 2017 வரையிலான கால் நூற்றாண்டில் அவர் இதைச் சாதித்தார். முதல் கோப்பை, அவர் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே வந்தது. யூகோஸ்லாவியப் போரினால் பார்ட்டிசான் அணி தன் சொந்தக் கள ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஸ்பெயினின் ஃபுவென்லப்ராடா நகரில் ஆட வேண்டியிருந்த ஆண்டு அது. இறுதி ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் பார்ட்டிசான் வீரர் ஜோர்ஜெவிச் ஓடிவந்து எறிந்த மூன்று புள்ளி எறிதல் 71-70 என்று வெற்றியைத் தந்தது. அந்த ஓர் எறிதலை மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லத் தோன்றலாம். ஒன்பது கோப்பைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. வெள்ளியன்று அரையிறுதி, ஞாயிறன்று இறுதி ஆட்டம். இடையில் இருப்பது ஒரே நாள். அந்த ஒரு நாளில் எதிரணியைப் படித்து, ஆட்டம் நடக்கும் நாற்பது நிமிடங்களுக்குள்ளேயே தன் பிழைகளைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவர் அவர்.

தொடர் ஆட்டத்தை யூரோலீக் ஒருமுறை செய்து பார்த்தும் இருக்கிறது. 2001இல் ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரில் இத்தாலியின் கிண்டர் போலோன்யா, ஸ்பெயினின் டாவ் செராமிக்காவை 3-2 என்று வென்றது. அருமையான தொடர் அது. கிண்டர் வீரர் மனு ஜினோபிலியின் ஆட்டத்தை மறக்க முடியாது. மறு ஆண்டே ஃபைனல் ஃபோர் முறை திரும்பியது. அது நடந்ததும் போலோன்யாவில்தான். சொந்த ஊர் மக்கள் முன்னிலையில் அதே கிண்டர் அணி, ஒப்ரடோவிச்சின் பனதினாய்கோஸிடம் 89-83 என்று இறுதி ஆட்டத்தில் தோற்றது. தொடரில் வெல்லும் ஆற்றலும் ஒற்றை ஆட்டத்தில் வெல்லும் ஆற்றலும் வெவ்வேறானவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மேலும், யூரோலீக்கில் தொடர் ஆட்டமே இல்லை என்பது போலக் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது, அது சரியன்று. முதலில் நெடிய லீக் சுற்று. அதன்பின் ஐந்து ஆட்டங்கள் கொண்ட காலிறுதித் தொடர். அதிலும் வென்ற நான்கு அணிகளுக்குத்தான் ஃபைனல் ஃபோர். நீண்ட கால உழைப்பையும், ஒரே எதிரியை மீண்டும் மீண்டும் சந்திக்கும் பொறுமையையும், ஒரு நாளின் நெருக்கடியையும் என்று மூன்றையும் சோதித்த பிறகே இங்கே கோப்பை கொடுக்கப்படுகிறது. இந்த கிளப்புகள் எல்லாம் அதே பருவத்தில் தத்தம் நாட்டு அல்லது வட்டார லீக்குகளிலும் ஆடுபவை என்பதால், ஏழு ஆட்டத் தொடருக்கு நாட்காட்டியில் இடம் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காமல் இருந்தது ஒன்று உண்டென்றால், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தைச் சொல்வேன். வெள்ளியன்று கோப்பைக் கனவு கலைந்த இரண்டு அணிகளை ஞாயிறன்று மீண்டும் களத்துக்கு இழுத்து வந்ததில் யாருக்கும் மகிழ்ச்சி இருந்ததில்லை.

மேலே சொன்ன 2023 இறுதி ஆட்டத்தைக் கட்டுரையாளர் மீண்டும் ஒருமுறை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே வந்து சேர்வதற்கு முன், ரியல் மாட்ரிட் காலிறுதித் தொடரில் சொந்தக் களத்திலேயே இரண்டு ஆட்டங்களைப் பார்ட்டிசானிடம் தோற்று, 0-2 என்ற நிலையிலிருந்து மீண்டு 3-2 என்று வென்றிருந்தது. ஐந்து ஆட்டக் காலிறுதித் தொடரில் அதற்குமுன் எந்த அணியும் அப்படி மீண்டதில்லை. இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டின் 35 வயதான செர்ஹியோ யுல் அதுவரை ஒரு புள்ளிகூட எடுத்திருக்கவில்லை. ஏறக்குறைய மூன்று வினாடிகள் மீதமிருக்க, உயரமான தடுப்பாளரின் கைக்கு மேலாக அவர் எறிந்த பந்துதான் அந்த இரவு அவர் போட்ட ஒரே பாஸ்கெட். அதுவரை எதுவும் விழாத ஒருவர் அந்த எறிதலைத் தயங்காமல் எடுக்கிறார். பல ஆண்டுகள் அவரோடு ஆடியவர்களும் பந்தை அவரிடமே விட்டுவைக்கிறார்கள். அதற்குக் குலுக்கல் என்ற சொல்லைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை; தங்கள் பக்கத்தில் அடுத்த முறை எழுதப்படும்போது வேறொரு சொல் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்