லண்டன் பரோக்களின் தமிழ்க் கவுன்சிலர்களுக்கு: திருத்திய பட்ஜெட்டை மட்டும் பார்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய கவுன்சிலர்களே,

வணக்கம். மூலதனத் திட்டக் கண்காணிப்பு அறிக்கை காலாண்டுக்கு ஒருமுறை உங்கள் மேசைக்கு வருகிறது. கவுன்சில் வீடுகளின் கூரை, ஜன்னல், லிஃப்ட், புதுக் கட்டடம் போன்ற பெரிய வேலைகளின் செலவுக் கணக்கு அது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பெரும்பாலும் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

கூரை வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம்: பிப்ரவரியில் 12 மில்லியன் பவுண்டுக்கு ஒப்புதல். ஜூலையில் பட்ஜெட்டைத் திருத்தி அது 9 ஆகிறது, டிசம்பரில் 7. ஆண்டு முடிவில் செலவு 6.8. அறிக்கையோ ‘97% செலவாகிவிட்டது’ என்று பச்சை நிறம் காட்டும். பிப்ரவரித் தொகையை வைத்துப் பார்த்தால் 57% கூட இல்லை. மிச்சம் 5.2 மில்லியன் சேமிப்பல்ல, போடாத கூரை. ஒழுகும் இடத்தை அதுவரை ஒட்டுப்போடும் செலவு அன்றாடப் பழுதுபார்ப்பில், அதாவது வாடகைப் பணத்தில், ஏறுகிறது. அதனால் முதலில் ஒப்புக்கொண்ட தொகையின் கட்டத்தை ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே எத்தனை வீட்டுக்கு வேலை முடிந்தது என்ற எண்ணும் வேண்டும்.

ஏன் தள்ளிப்போகிறது? ஒப்பந்தக்காரரைக் குறை சொல்வது சுலபம். நாள்காட்டியைப் பாருங்கள். லீஸ்ஹோல்டர் (நீண்டகாலக் குத்தகையில் வீட்டை வாங்கியவர்) ஒருவரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், முன்கூட்டியே கருத்துக் கேட்கும் ‘பிரிவு 20’ அறிவிப்பு கட்டாயம். வழக்கமான முறையில் வேலை பற்றிய அறிவிப்புக்கு 30 நாள், நடுவில் டெண்டர், பிறகு மதிப்பீடுகளுக்கு இன்னொரு 30 நாள். அதன்பின் ஒப்பந்தம், சாரம் கட்டுவது. பிப்ரவரியில் காசு ஒதுக்கி அப்புறம் வரைபடத்தைத் தொட்டால், கூரையைப் பிரிப்பது அக்டோபர் மழையில்தான். அறிவிப்பை ஒழுங்காகக் கொடுக்காவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு தந்தாலொழிய, ஆளுக்கு 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. மீதி வாடகைக்காரர் தலையில். வடிவமைப்பையும் ஆய்வையும் முந்தைய ஆண்டிலேயே முடித்த வேலைகளுக்கு மட்டும் பெரிய தொகையை ஒதுக்குங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. கவுன்சில் வீடுகளின் வரவு செலவுக்கான தனிக் கணக்கான வீட்டு வருவாய்க் கணக்கின் கடன் உச்சவரம்பை அரசு 2018 அக்டோபரில் எடுத்துவிட்டது. கவுன்சிலின் பொதுக் கணக்கில் கடன் அசலுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கியே தீர வேண்டும். வீட்டுக் கணக்கில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அசல் அப்படியே நிற்கலாம், வட்டி மட்டும் ஓடும். 10 மில்லியன் கடனுக்கு 5% என்றால் ஆண்டுக்கு 5 லட்சம் பவுண்ட். வாரம் 120 பவுண்ட் தரும் 80 வீடுகளின் மொத்த வாடகையும் அதற்கே சரி. வாடகைக்காரரே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடியில் வாங்கும் ‘ரைட் டு பை’யில் வீடு போனால் வாடகை நின்றுவிடும், பழைய கடன் நிற்காது. அப்படி விற்ற பணத்தில் மாற்று வீடுகளுக்கென்று ஒதுக்கிய பங்கைக் கூரைக்குத் திருப்பவும் முடியாது. அதற்குக் கெடு உண்டு. தாண்டினால் வட்டியோடு அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தக் காலாண்டில் எவ்வளவு கெடு தாண்டும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். கேட்காமல் தானாக வராது.

சொந்தக் கட்டுமானக் கம்பெனிக்குக் கவுன்சில் கடன் கொடுத்திருந்தால் அறிக்கையில் அதற்குத் தனி வரிசை வேண்டும்: கொடுத்த தொகை, வர வேண்டிய வட்டி, கையில் வந்த வட்டி. கிராய்டன் பரோ தன் ‘பிரிக் பை பிரிக்’ கம்பெனிக்குக் கொடுத்த கடன் கிட்டத்தட்ட 200 மில்லியன் பவுண்ட். அதே கவுன்சில் 2020 நவம்பரில், வரவுக்குள் செலவைச் சமாளிக்க முடியாது என்று சொல்லும் ‘பிரிவு 114’ அறிவிப்பு விட்டது. கம்பெனி ஒன்றே காரணமல்ல. ஆனால் வந்து சேராத வட்டியை வரவாக எழுதும் பழக்கம் எங்கும் வரலாம்.

கணக்குகளை 30 வேலை நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது சட்டம். தணிக்கையாளரிடம் ஆட்சேபம் எழுப்ப வட்டார வாக்காளருக்கு உரிமையும் இருக்கிறது. இந்த ஆண்டு கூரை வரிசையின் பில்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் கமிட்டியில் நீங்கள் கேட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாடகையும் சர்வீஸ் சார்ஜும் கட்டும் தமிழ்க் குடியிருப்போர்