புறங்கால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்றுப் போனில் நீ அழுதாயா சிரித்தாயா என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. மருத்துவக் கல்லூரி வாய்மொழித் தேர்வில், பாதத்தின் மேற்புறத்தில் துடிக்கும் ‘டார்சாலிஸ் பீடிஸ்’ நாடியைத் தொட்டுக் காட்டச் சொன்னார்களாம். டார்சல் என்றால் முதுகுப்பக்கம்தானே என்று நீ குதிகாலுக்குப் பின்னால் விரல் வைத்தாயாம். லத்தீனில் ‘டார்சம்’ முதுகுதான். அந்த அளவுக்கு உன் பக்கம் நியாயம் இருக்கிறது.

முப்பது வருடம் மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவன் சொல்கிறேன், நாலு காலில் நிற்கும் உடம்பில் இந்தத் தகராறே கிடையாது. வானம் பார்த்திருப்பது டார்சல், மண் பார்த்திருப்பது வென்ட்ரல். காலில் மட்டும், முன்னங்கால் முட்டிக்கும் பின்னங்கால் கணுவுக்கும் கீழே, முன்பக்கத்தை டார்சல் என்போம். நீங்கள் பார்ப்பது எழுந்து நிற்கும் மனித உடம்பு. அதனால் ஆன்டீரியர் (முன்பக்கம்), பாஸ்டீரியர் (பின்பக்கம்) என்று இன்னொரு ஜோடியையும் சுமக்கிறீர்கள். முதுகில் டார்சலும் பாஸ்டீரியரும் ஒன்றாகிவிடும். பாதத்தில் பிரியும், நீ சறுக்கிய இடத்தில்.

கருவில் கைகால் மொட்டுவிடும்போது பெருவிரல் தலைப்பக்கமும் உள்ளங்கால் வயிற்றுப்பக்கமும் பார்த்திருக்கும். பிறகு கால் உட்புறமாகச் சுமார் 90 பாகை திரும்புகிறது, கை வெளிப்புறமாக. முழங்கால் முன்னேயும் முழங்கை பின்னேயும் பார்ப்பது இதனால்தான். முதுகுப்பக்கமாக இருந்தது காலில் முன்னுக்கு வந்து, பாதத்தில் மேலே ஏறிவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இவ்வளவும் உன் ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் கொதிகஞ்சி சிந்தியபோது ‘புறங்காலில் கொட்டிக்கொண்டேன்’ என்றுதான் சொன்னாள். புறங்கை, புறங்கால், புறமுதுகு; போரில் முதுகு காட்டினால் புறங்காட்டுதல். டார்சல் செய்யும் வேலை முழுவதையும் ‘புறம்’ செய்கிறது பார். குழம்பினால் இனி தமிழில் நினைத்துக்கொள்.

நாடியைத் தேடுவது எளிது. பெருவிரலை மேலே தூக்கச் சொல். புறங்காலில் ஒரு நரம்பு கயிறுபோலப் புடைக்கும் (நீங்கள் தசைநாண் என்பீர்கள்). அதையொட்டி, அடுத்த விரலின் பக்கமாக, இரண்டு மூன்று விரல்களை மெல்ல வை. அழுத்தினால் துடிப்பு அடங்கிவிடும். கட்டைவிரலை வைத்தால் உன் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பாய்.

இதை எழுதுவதற்கு முன் அம்மாவின் காலில் பார்த்தேன். வலது காலில் உடனே கிடைத்தது. இடது காலில் பிடிபடவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே அங்கே தட்டுப்படாதுதான். ஆனாலும் அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதே, வியாழக்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். பொங்கலுக்கு வரும்போது நீயும் ஒருமுறை விரல் வைத்துப் பார். குதிகாலில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா