வெள்ளியங்கிரிக்கு டார்ச் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி மலையேற வனத்துறை அனுமதிக்கும் மாதங்களில், பெரும்பாலான பக்தர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் பூண்டி அடிவாரத்திலிருந்து கிளம்புகிறார்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கை வருகிறது. நல்லது. ஆனால் இரவு முழுக்க எந்த வெளிச்சத்தை நம்பி ஏறுவது என்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஒரு கையில் மூங்கில் தடி, மறு கையில் செல்போன் என்று ஏறுகிறவருக்குக் கால் பிசகினால் பாறையைப் பிடிக்கக் கை இல்லை. விடியும் முன்பே போனில் சார்ஜும் தீர்ந்துவிடும். தலையில் மாட்டும் டார்ச், அதாவது ஹெட்லேம்ப், இந்த மலைக்கு ஆடம்பரம் அல்ல. எதை வாங்குவது என்பதில்தான் ஏமாற்றம் நடக்கிறது.

இணையத்தில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் ஹெட்லேம்பின் பெட்டியில் 50,000 லூமன் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு கணக்குப் போட்டாலே பொய் வெளியே வந்துவிடும். லென்ஸிலும் சர்க்யூட்டிலும் ஆகும் இழப்பு போக, ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லூமன் கிடைத்தாலே அது நல்ல விளக்கு. 50,000 லூமனுக்கு 500 வாட் வேண்டும். சமையலறை மிக்ஸி இழுக்கும் மின்சாரத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு நடக்க முடியுமா? படியிலும் பாறைத் தடத்திலும் நடக்க 100 லூமன் தாராளம். முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தால் 50 கூடப் போதும். தடம் பிரியும் இடத்திலோ, வளைவுக்கு அப்பால் யானை நிற்கிறதா என்று நின்று பார்க்கவோ, ஓரிரு நிமிடத்துக்கு 300 அல்லது 400 லூமன் கைவசம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண்.

நம்பகமான தயாரிப்பாளர்கள் எஃப்எல்1 என்ற அளவீட்டு முறையைப் பின்பற்றுகிறார்கள். அந்தக் குறி இருந்தாலும் எண்களைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். இந்த முறையில் லூமனை அளப்பது விளக்கைப் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள். பிறகு சூடேறி வெளிச்சம் இறங்குவது அந்த எண்ணில் வராது. எரியும் நேரத்தையோ, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிடுகிறார்கள். 350 லூமன், 5 மணி நேரம் என்று போட்டிருந்தால், கடைசி ஒரு மணி நேரத்தில் 40 லூமன் மட்டுமே எரிந்திருக்கலாம். ஒளிக்கற்றை போகும் தூரமும் அப்படியே. 0.25 லக்ஸ், அதாவது தெளிவான முழுநிலா வெளிச்சம் அளவுக்குக் குறையும் இடம் வரை அளந்து சொல்கிறார்கள். காலடியை நம்பி வைக்க அது போதாது; சொன்ன தூரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கேண்டெலா, அதாவது கற்றையின் செறிவைக் காட்டும் எண் கொடுத்திருந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் மீட்டரில் வரும்: 2,500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர், 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். தூரம் இரு மடங்காக, வெளிச்சம் நான்கு மடங்கு வேண்டியிருக்கிறது. பேட்டரியும் அந்த வேகத்தில்தான் கரையும்.

கண்ணாடியை முன்னும் பின்னும் இழுக்கும் ஜூம் வகையை வாங்காதீர்கள். முழுக்க இழுத்தால் எல்இடி சில்லின் சதுர வடிவம் மட்டும் தூரத்தில் விழும், காலடியில் கும்மிருட்டு. உள்ளே தள்ளினால் நடுவும் ஓரமும் ஒரே மங்கலாகப் பரவும். இழுக்கும் இடைவெளி வழியாகத் தண்ணீரும் தூசியும் போவது தனிக்கதை. நடப்பவருக்கு வேண்டியது அகலமான பரவல் ஒன்று, தூரத்துக் கற்றை ஒன்று, இரண்டும் தனித்தனியாக எரியும் விளக்கு. தண்ணீரைப் பொறுத்தவரை ஐபிஎக்ஸ்4 என்ற தரக்குறி உள்ள விளக்கு சாரலைத் தாங்கும். கோடை மழைக்கு அது போதும். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம்.

பேட்டரிக்கு வருவோம். 18650 என்ற எண், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம்-அயான் செல்லைக் குறிக்கும். இந்த அளவில் இன்று நல்ல செல் தருவது சுமார் 3,500 எம்ஏஎச் (மில்லியாம்ப்-மணி, செல்லின் கொள்ளளவு). உறையில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல்லைப் பார்த்தால், மற்ற விவரத்தைப் படிக்காமல் கீழே வைத்துவிடலாம். எடையும் காட்டிக்கொடுக்கும்: உண்மையான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலி பெரும்பாலும் லேசாக இருக்கும். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறைத் தராசே போதும்.

3,500 எம்ஏஎச் செல்லில் 3.6 வோல்ட் கணக்கில் 12 வாட்-மணிக்குச் சற்று மேல், அதாவது ஒரு வாட் விளக்கை 12 மணி நேரம் எரிக்கும் மின்சாரம் இருக்கிறது. 100 லூமனுக்கு ஒரு வாட் என்றால் விடிய விடிய எரியும். மூன்று ட்ரிபிள் ஏ ஆல்கலைன் பேட்டரி சேர்ந்து தருவது நடைமுறையில் 4 வாட்-மணி அளவே. வெள்ளியங்கிரி ஏற நடையைப் பொறுத்து 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஆகவே ட்ரிபிள் ஏ விளக்குக்காரர் குறைந்தது ஒரு மாற்று செட்டாவது பையில் வைத்திருக்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்து போடக் கூடாது. தீர்ந்த செல்லை மற்ற இரண்டும் தலைகீழாக மின்னேற்றித் தள்ளும். அது கசிந்து தொடர்புத் தகட்டை அரித்துவிடும். சீசன் முடிந்ததும் ஆல்கலைன் பேட்டரியைக் கழற்றி வைக்காதவர்களுக்கும் இதே கதிதான். ரீசார்ஜ் ட்ரிபிள் ஏ பெரும்பாலும் 1.2 வோல்ட் மட்டுமே தரும். விளக்கு அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் மங்கலாக எரியும்.

மாற்று 18650 வாங்கும்போது பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லா, வெறும் செல்லா என்று கேளுங்கள். சர்க்யூட் சேர்ந்தால் நீளம் 69, 70 மில்லிமீட்டர் வரை போகும். சில விளக்குகளில் மூடி மூடாது. செல்லைச் சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு போடவே கூடாது, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பா பத்து இருபது ரூபாய்தான். இமயமலைப் பனிக்குப் போகிறவர்கள் செல்லை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்; உறைநிலைக்குக் கீழே லித்தியம்-அயானைச் சார்ஜ் செய்யக் கூடாது.

சுவரில் நேரே செருகும் இரண்டு பின் கொண்ட டார்ச்சுகள் இன்னும் விற்கின்றன. பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் மட்டும் 230 வோல்ட்டைக் குறைக்கிறது. சார்ஜில் இருக்கும்போது உடைந்த மூடி வழியாகக் கை பட்டால் ஷாக் அடிக்கும். உள்ளே ஈய-அமில பேட்டரி இருந்தால், சார்ஜ் இறங்கிய நிலையில் அடுத்த சீசன் வரை பரணில் போட்டால் செத்துவிடும். டைப்-சி விளக்கு வாங்கினாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மலிவான விளக்குகளில், சார்ஜருக்கு விளக்கை அடையாளம் காட்ட இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அப்போது புதிய போன் சார்ஜரின் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜே ஏறாது. ஒரு முனை பழைய செவ்வக வடிவில் (யுஎஸ்பி-ஏ) உள்ள கேபிள் வேண்டும். அடிவாரத்தில் பவர் பேங்கோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் வீட்டிலேயே இரண்டு கேபிளையும் செருகிப் பாருங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை வேறு சில. மேல் கீழ் சாய்க்கும் கீல் கெட்டியாய் நிற்க வேண்டும். தளர்ந்தது ஒவ்வோர் அடிக்கும் தலையாட்டும். பட்டனுக்குப் பூட்டு வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் பேருந்தில் பைக்குள் நசுங்கித் தானே எரிந்து, பூண்டியில் இறங்கும்போது பேட்டரி காலியாக இருக்கும். சிவப்பு விளக்கு இருந்தால் நல்லதுதான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும்போது பயன்படுவது. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு 20, 30 நிமிடம் பிடிக்கும். மங்கலான சிவப்பு அதை அதிகம் கெடுக்காது. நடக்கும்போது மட்டும் வேண்டாம். சருகும் பாம்பும் அந்த வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; 6,500 கெல்வின் நீல வெண்மையைவிட 4,000 முதல் 5,000 கெல்வின் வெளிச்சத்தில் மண், கல், வேர் பிரிந்து தெரியும். முகத்தில் மொய்க்கும் பூச்சியும் சற்றுக் குறையும்.

மாட்டும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நெற்றி விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும். பள்ளமும் மேடும் தட்டையாகத் தெரியும். இறங்கும்போது இது ஆபத்து. விளக்கைக் கழற்றி இடுப்பு பெல்ட்டில் மாட்டினால் நிழல் நீண்டு படியின் விளிம்பு பளிச்சென்று தெரியும். மேல் மலைகளில் மேகம் இறங்கும்போதும் இதையே செய்ய வேண்டும், வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். கூட்டினால் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவர்தான் தெரியும். எதிரே வருபவர் முகத்தில் அடிக்காமல் குனிந்து பேசுவது இருவருக்கும் நல்லது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு முழுதாக சார்ஜ் செய்து, நடக்கப்போகும் அளவில் எரியவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று பாருங்கள். 8 மணி நேரம் தாங்காத விளக்குக்கு மாற்று பேட்டரி கட்டாயம். குழுவில் ஒரு சின்ன உபரி டார்ச்சும் இருக்கட்டும்.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக்குக்காக அடிவாரத்தில் பையைச் சோதிக்கும் இடத்திலேயே, தீர்ந்த பேட்டரிகளைப் போட ஒரு பெட்டி வைக்கலாம். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. சேர்ந்த பெட்டியை அவர்களிடம் ஒப்படைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தால், தீர்ந்த பேட்டரியைச் சுனைக்கரையில் வீசிவிட்டுப் போகும் பழக்கம் குறையும்.

இப்படிக்கு,
மலையேறும் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.