கோட்டைக்கு வெளியே ஒரு சந்தை

ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கோட்டைகள் பற்றிய உங்கள் கட்டுரை, லட்லோ என்ற ஊரின் கோட்டையில் 1502இல் மன்னர் ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் இளவரசர் ஆர்தர் இறந்த கதையோடு நின்றுவிட்டது. இன்று அந்த ஊரின் உயிர் கோட்டைக்குள் இல்லை. வாசலுக்கு எதிரே உள்ள சந்தைத் திடலில் இருக்கிறது. போன கோடையில் மகள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். மாதத்தின் இரண்டாம், நான்காம் வியாழக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து விளைபொருள்களுக்கென்றே தனிச் சந்தை கூடுகிறது. பாலாடைக்கட்டியோ ரொட்டியோ, விளைவித்தவரிடமும் செய்தவரிடமுமே பேசி வாங்கலாம். அவசரமில்லாத வாழ்க்கையைப் பேணும் 'சிட்டாஸ்லோ' ஊர்களின் வரிசையில் பிரிட்டனிலிருந்து முதலில், 2003இல், சேர்ந்தது லட்லோதான். இன்னொரு நாள் கைவினைக் கடையில் பிரம்புக்கூடை ஒன்றை ஆசையாக எடுத்தேன். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்ததும் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டேன்! அடுத்த முறை சந்தைக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி