நாயைக் குளிப்பாட்டினால் போதாது, காயவைக்கவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் நெருங்கினாலே வேலூரில் கோல்டன் ரெட்ரீவர், நீள்முடி ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பவர்கள் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தினமும் மொட்டை மாடியில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவார்கள். இல்லையென்றால் நாய்க்கு முழு மொட்டை அடித்துவிடுவார்கள். இரண்டுமே கெடுதல்.

இந்த வகை நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான முடி, அடியில் பஞ்சு போன்ற அடர்த்தியான உள்முடி. மக்கில் மொண்டு முதுகில் ஊற்றும் தண்ணீர் மேல்முடியிலேயே வழிந்து ஓடிவிடும். உள்முடி லேசில் நனையாது. நனைந்துவிட்டால் லேசில் காயாது. வீட்டுக் குளியலில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான்.

வேலை தண்ணீருக்கு முன்பே தொடங்குகிறது. உலர்ந்த முடியை முதலில் பிரஷ்ஷாலும், பிறகு தோலைத் தொடும்படி இரும்புச் சீப்பாலும் வார வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குளில், பின்தொடையில், வாலடியில்தான் சிக்கு விழும். சிக்கோடு நனைத்தால் அது இறுகிப் பந்தாகிவிடும். உள்ளே போன ஷாம்பு வெளியே வராது. கத்தரிக்கோலை நேராக வைக்காதீர்கள். சிக்கோடு தோலும் சேர்ந்து எழும்பி நிற்கும், வெட்டுப்பட்டுவிடும். தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்டுவதே பாதுகாப்பு.

டைல்ஸ் தரையில் நனைத்த கோணிப்பையோ ரப்பர் மேட்டோ போட வேண்டும். கால் வழுக்கும் நாய்தான் குளியலுக்கு முரண்டு பிடிக்கும். இடுப்பு மூட்டு பலவீனமான பெரிய நாய்க்கு வழுக்கல் ஆபத்தும்கூட. கழுத்தில் இருக்கும் தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நைலான் பெல்ட் மாட்டுங்கள். ஈரத்தில் பெல்ட்டின் சாயம் இறங்கி வெளிர்முடியில் ஒட்டும். தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூரும் பேரணாம்பட்டும் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர் வெதுவெதுப்பாக, முழங்கையின் உட்புறத்தில் சுடாத பதத்தில் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மதியங்களில் சின்டெக்ஸ் டேங்க் தண்ணீரே கொதிக்கும். காலை ஏழு மணிக்குள் ஆரம்பித்தால் அந்தத் தொல்லை இல்லை. காய்வதற்கும் பகல் முழுவதும் கிடைக்கும். பக்கெட்டில் ஊற்றுவதானால் 30 கிலோ நாய்க்கு 20 லிட்டர் பக்கெட்டில் நனைக்க இரண்டு, அலச குறைந்தது நான்கு வேண்டும். ஹேண்ட் ஷவர் இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நனைக்கலாம், செலவு குறையும்.

நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதில் சோப்புக் கட்டி போட்டால் நுரைக்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்குதான் வரும், அது முடியில் ஒட்டிக்கொள்ளும். ஷாம்புவும் நுரை குறைவாகவே தரும். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. ஒரு பங்கு ஷாம்புவைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து பழைய பாட்டிலில் வைத்துக்கொண்டால் உள்முடி வரை சீராகப் போகும். கடைசிப் பக்கெட்டுக்காவது காவிரிக் குடிநீர் ஒதுக்குங்கள்.

நாய் ஷாம்புதான் வேண்டும். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நம் ஷாம்பு அதன் தோலை வறட்டிச் சொறிய வைக்கும். டெட்டால், பினாயில் கிட்டேயே வரக்கூடாது. சீயக்காய்ப் பொடி கண்ணில் எரியும், உள்முடியில் தங்கிவிடும்.

முதலில் கழுத்தைச் சுற்றி ஷாம்பு போடுங்கள். தெள்ளுப்பூச்சி முகத்துக்கு ஏறாது. பிறகு முதுகு, வயிறு, கால், வால். தலையைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தலை நனைந்தால் உடனே உதறும், நீங்களும் குளித்துவிடுவீர்கள். காதில் பஞ்சு வைத்தால் மறக்காமல் எடுங்கள். அலசி முடித்ததாகத் தோன்றியதும் பின்தொடை முடியைப் பிழிந்து பாருங்கள். வழவழப்பாக இருந்தால் இன்னும் அலச வேண்டும்.

இனிதான் பெரிய வேலை. கையால் பிழிந்துவிட்டு, மூன்று பருத்தித் துண்டுகளால் ஒற்றி எடுங்கள். பரபரவென்று தேய்த்தால் மறுபடி சிக்கு. ப்ளோயரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்ட வேண்டும். வெயிலில் காயட்டும் என்று மாடியில் கட்டினால் உள்ளங்கால் பொசுங்கும். நிழலும் மின்விசிறியும் போதும். மேல்முடி காய்ந்ததை நம்பாதீர்கள். எதிர்த்திசையில் முடியைப் பிளந்து தோலைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் நின்றால் நாற்றம் வரும், பூஞ்சை வரும். நாய் நக்கியும் சொறிந்தும் ஒரே இரவில் உள்ளங்கை அளவுக்கு நீர் வடியும் புண்ணாக்கிவிடும். ஈ மொய்த்தால் புழுவும் வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் அதிகம்.

அதனால்தான் தினக்குளியல் வேண்டாம் என்கிறோம். மாதம் ஒரு முறை போதும், வாரல் மட்டும் அடிக்கடி வேண்டும். கழுத்தில் உண்ணி மருந்து சொட்டு விட்டிருந்தால், முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளியல் கூடாது. மருந்து பரவுவதே தோலின் எண்ணெய்ப்பசை வழியாகத்தான். மொட்டை அடிப்பதும் வேண்டாம். அந்த முடிதான் வெயிலைத் தடுக்கிறது, மழித்தால் திட்டுத்திட்டாக முளைப்பதும் உண்டு. சிக்கெடுத்து, உதிரும் உள்முடியை வாரி எடுத்துவிட்டாலே காற்றோட்டம் கிடைக்கும்.

புண் வந்துவிட்டால் மஞ்சள், பவுடர் என்று அப்பாதீர்கள். அது முடியோடு பொருக்காகி அடியில் சீழ் பிடிக்கும். சுற்றியுள்ள முடியைக் குறைத்துவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.