பாடியவரின் பெயரைப் போடுங்கள்: ஓர் இசைச் செயலி நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் செயலியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் மூன்று புகார்களுக்கும் ஓரெழுத்துகூட மாறாமல் ஒரே பதிலை அனுப்பியவர்களுக்கு, இந்த மடல் யாருக்கு என்பது எளிதில் விளங்கும். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்து இசைக்கலைஞர் ட்ரிக்கியின் 'மேக்ஸின்குவே' ஆல்பத்தில் பாடகி மார்ட்டினா டாப்லி-பேர்ட் பாடியிருக்கும் பாடல்களுக்கு அவர் பெயரைப் போடுங்கள் என்பதே நான் கேட்டது. விவரங்கள் யாவும் வெளியீட்டாளர் அளித்தபடியே காட்டப்படுகின்றன என்பது நீங்கள் சொன்னது.

சென்ற மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த ஆல்பத்தின் 'பிளாக் ஸ்டீல்' பாடலைப் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முறையாகப் பாட்டுக் கற்கிறவள். பாடல் பாதி ஓடியதும் "யார் சித்தப்பா இது?" என்று என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். துருப்பிடித்த தகடு போன்ற அட்டைப்படமும், ட்ரிக்கி என்ற ஒற்றைப் பெயரும் இருந்தன. ஓரத்து மூன்று புள்ளிகளைத் தொட்டு விவரப் பகுதியைத் திறந்தாள். நிகழ்த்தியவர் என்ற இடத்திலும் ட்ரிக்கிதான். அந்தப் பெயரைத் தொட்டதும் ஓர் ஆணின் புகைப்படம் வந்தது. "இவரா இப்படிப் பாடறாரு?" என்று அவள் கேட்டபோது, மாதம் தவறாமல் நான் சந்தா கட்டும் செயலி அவளுக்குத் தவறான தகவலைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாடலில் இது சிறு பிழை அல்ல. அமெரிக்க ராப் குழுவான பப்ளிக் எனிமி 1988-இல் வெளியிட்ட அதன் மூல வடிவம், ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போன ஒரு கறுப்பின ஆணின் முழக்கம். அதே வரிகளைக் கிதார் இரைச்சலுக்கு நடுவே, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண்ணை, கத்தாமல் அதட்டாமல் பாடவைத்ததுதான் ட்ரிக்கி செய்த காரியம். பாடுவது ஒரு பெண் என்பது மறைக்கப்பட்டால், அங்கே என்ன நிகழ்ந்தது என்பதே கேட்பவருக்குப் புரியாமல் போய்விடும்.

1995 பிப்ரவரியில் வெளியான அந்த ஆல்பம் பிரிட்டன் ஆல்பம் வரிசையில் மூன்றாம் இடம்வரை ஏறியதையும், என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்ததையும் உங்கள் அறிமுகக் குறிப்பே பெருமையாகச் சொல்கிறது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, பிரிஸ்டலின் இன்னொரு குழுவான போர்ட்டிஸ்ஹெட்டின் 'டம்மி'யிடம் அது பரிசை இழந்த கதையும் நீங்கள் அறிந்ததே. இரண்டு ஆல்பங்களிலும் அமெரிக்கப் பாடகர் ஐசக் ஹேய்ஸின் ஒரே இசைத்துண்டு சாம்பிளாக, அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்துச் சேர்த்ததாக, ஒலிக்கிறது என்பதை இன்றும் வியந்து பேசுகிறார்கள். ஆனால் 'டம்மி'யைக் கேட்டவர்களுக்கு அதில் பாடிய பெத் கிப்பன்ஸின் பெயர் தெரிந்திருக்கிறது. 'மேக்ஸின்குவே'யைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு மார்ட்டினாவின் பெயர் தெரியும்? முதல் பாடலான 'ஓவர்கம்' தொடங்கியதும் நம் காதில் விழுவது அவருடைய குரல். உங்கள் செயலியிலோ அவருடைய பக்கம் 2003-இல், அவரது முதல் தனி ஆல்பமான 'குயிக்ஸாடிக்' வெளிவந்த ஆண்டில்தான் பிறக்கிறது. அதுவும் மெர்க்குரி இறுதிப் பட்டியலுக்கு வந்த ஆல்பம். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்பவருக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அந்த ஆல்பத்தின் தலைப்பே ஒரு பெண்ணின் பெயர். ட்ரிக்கிக்கு நான்கு வயதாக இருந்தபோது தற்கொலை செய்துகொண்ட தாய் மேக்ஸின் குவேயின் பெயரைச் சேர்த்து எழுதி, அவர் தன் முதல் ஆல்பத்துக்குச் சூட்டினார். தான் எழுதும் சொற்களை ஒரு பெண்ணின் வாயால் ஒலிக்கவிட்டு, தன் கரகரத்த முணுமுணுப்பை அதன் நிழலாகப் பின்தொடரவிட்டார். தாயின் நினைவாகப் பிறந்த இசையில் ஒலிக்கும் பெண்குரலுக்குப் பெயரே இல்லாமல் செய்திருப்பது, நீங்கள் வேண்டுமென்று செய்ததல்ல என்றே நம்புகிறேன். மூன்று முறை சுட்டிக்காட்டிய பிறகும் அப்படி நம்புவது சற்றுச் சிரமமாகத்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இதே ஆல்பத்தின் 'ஸ்ட்ரக்ளின்' பாடலை நீங்கள் 'ஆழ்ந்த உறக்கத்துக்கு' என்ற பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். கதவு கிறீச்சிடுவதும் துப்பாக்கியில் தோட்டா ஏற்றுவதும் கேட்கிற ஒரு பாட்டு எந்த வீட்டில் தாலாட்டாகப் பயன்படுகிறது என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். தன் இசையை ட்ரிப் ஹாப் என்ற இசைவகையின் பெயரால் அழைப்பதையே விரும்பாத ஒருவரை, அந்தச் சீட்டையும் ஒட்டி, தலையணைக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டீர்கள். பாட்டின் நொடிக்கணக்கையும், நான் எந்த இடத்தில் தாண்டிப் போனேன் என்பதையும் துல்லியமாகக் குறித்துக்கொள்ளும் உங்கள் கணினிகளுக்கு, பாடியவர் யார் என்பது மட்டும் தெரியாமல் போவது விந்தைதான். மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போகிறேன்.

வெளியீட்டாளர் தரும் தரவில் குறை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கடையில் விற்கும் பொருளின் சீட்டில் பிழை இருப்பதாக வாடிக்கையாளர் சொன்னால், அதை உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்க வேண்டியவர் கடைக்காரர்தானே? அந்த ஆல்பத்தில் மார்ட்டினாவின் குரல் ஒலிக்கும் ஒவ்வொரு பாடலிலும் அவர் பெயரைப் போடுங்கள். 'பம்ப்கின்' பாடலில் அலிசன் கோல்ட்ஃப்ராப்பும் 'யூ டோன்ட்' பாடலில் ராகாவும் பாடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதையே செய்யுங்கள். மார்ட்டினாவின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு 1995-ஆம் ஆண்டின் இந்த ஆல்பமும் கிடைக்கும்படி செய்யுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் மகள் அடுத்த விடுமுறைக்கு மீண்டும் வருகிறாள். சென்ற முறை அவளுக்கு மார்ட்டினாவின் பெயரை ஒரு தாளில் எழுதித்தான் கொடுத்தனுப்பினேன். இந்த முறை உங்கள் திரையிலேயே காட்ட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்